பதினொரு நிமிடத் தூக்கம்

எனக்குப் பகலில் தூங்கும் பழக்கம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மற்ற வீடுகளில் மதியம் ஆனால் பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா தூங்குவாள், நான் கொட்டக் கொட்ட விழித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது ஐயா. "மோதலுக்கு முந்தைய பதினொரு நிமிடங்கள், பணியில் இருந்த அதிகாரி தூங்கிவிட்டார்" என்று போட்டிருக்கிறீர்கள். மற்றபடி அருமையான அறிக்கை. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

இந்தத் தூக்கம் என் மச்சான் தயவு. மனைவியின் அண்ணன், வக்கீல். கைதான மறுநாளே வந்து என் எதிரே உட்கார்ந்தார். "மாப்ள, அந்தப் பதினொரு நிமிஷத்துக்குக் கப்பல் ரெக்கார்டர்ல பேச்சுச் சத்தமே இல்ல. தூங்கிட்டீங்கன்னுதான் அவங்களே நினைக்கிறாங்க. தூக்கம்னா வெறும் கவனக்குறைவு. மூணு வருஷம், நல்லபடியா நடந்துக்கிட்டா ரெண்டு. நீங்க எதுவும் பேச வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க" என்றார். மனைவி கூடவே வந்திருந்தாள். "வீட்டுலதான் மதியத்துல கண்ண மூட மாட்டீங்க. பேப்பர்லயாவது தூங்கிட்டு வீடு வந்து சேருங்க" என்று அழுதாள். அழுகையிலும் அவளுக்கு வாய் குறையாது. நானும் தலையை ஆட்டிவிட்டேன். இன்று காலை வரை அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

எங்கள் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருநூற்று நாற்பது மீட்டர் நீளம், வயிறு முட்டக் கச்சா எண்ணெய். அதில் நான் இரண்டாம் அதிகாரி. பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கப்பலை ஓட்டும் பொறுப்பு என்னுடையது. அந்த நேரத்தில் எங்கள் கேப்டன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். பெரிய மகான். தூக்கத்தில் எழுப்பினால் மட்டும் எரிந்து விழுவார், விழுந்த எரிச்சல் ஒரு வாரத்துக்கு அடங்காது. பதவி உயர்வுக்கு என்னைப் பற்றிக் கம்பெனிக்கு எழுத வேண்டியவரும் அவர்தான். அவர் போட்டிருந்த கட்டளை மிகவும் எளிமையானது: கண்ணுக்குத் தெரியும் தூரம் இரண்டு மைலுக்குக் கீழே போனால் என்னை எழுப்பு, வேகத்தைக் குறை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஹாரன் அடி.

யோசித்துப் பார்த்தால், இந்த மூன்று தொந்தரவும் ஒரே ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கப்பலின் நடப்பைக் குறிக்கும் லாக் புத்தகத்தில் மணிக்கு ஒருமுறை அந்த எண்ணை எழுதுபவன் நான்.

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். அவசரத்தில் எழுதினால் கெட்டுவிடும். அதனால் பன்னிரண்டு மணிக்குப் பொறுப்பேற்றதும், நான்கு மணி வரைக்குமான வரிகளை ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவேன். தெரியும் தூரம்: இரண்டரை மைல், இரண்டரை மைல், இரண்டரை மைல், இரண்டரை மைல். பதினான்கு வருடமாக இதே வழக்கம். கடலும் பெரும்பாலும் என் எழுத்துக்கு மரியாதை கொடுத்தது. கொடுக்காத நாட்களில் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அன்று ஒன்றரை மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே கப்பலின் மூக்கே தெரியவில்லை. கடலைக் கண்காணிக்கும் மாலுமி ஒருவன் என்னோடு நின்றிருந்தான். கப்பலில் அவனை எல்லோரும் கழுகு என்போம். கண் அவ்வளவு கூர்மை, வாயும் கொஞ்சம் அப்படித்தான்.

"சார், பனி நல்லா கட்டிக்கிச்சு. கேப்டன எழுப்பிடலாமா? ஹாரனாச்சும் அடிப்போம் சார்."

"அது பனி இல்ல, லேசான மங்கல்" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல சார்."

"எனக்குத் தெரியுது" என்று லாக் புத்தகத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்தான். கடிகாரம் ஒன்று முப்பத்தைந்து காட்ட, புத்தகத்தில் நான்கு மணி வரி காய்ந்து கிடந்தது. துறைமுகத்தில் ஆய்வுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், பின்தளத்தில் மாட்டியிருக்கும் மிதவை வளையங்களைத் துடைத்து வை என்று அவனைக் கீழே அனுப்பினேன். மிதவை வளையம் என்றால், தண்ணீரில் விழுந்தவர்களுக்கு வீசுவோமே, அது. ஒவ்வொன்றிலும் கப்பலின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இதை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

ரெக்கார்டரில் என் கடைசிப் பேச்சு அதுதான். உங்கள் பதினொரு நிமிடத் தூக்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

அவன் கதவைச் சாத்திய கையோடு, ரேடாரில் அரிசி அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. நேர் முன்னே. மரப்படகு என்று பார்த்ததுமே புரிந்தது. இரண்டே இரண்டு டிகிரி திருப்பியிருந்தால் போதும், பூனை மாதிரி ஒதுங்கிப் போயிருக்கலாம். ஆனால் திருப்பம் கருவியில் பதிவாகும். இரண்டரை மைல் பளிச்சென்று தெரியும் நாளில் ஏன் திருப்பினாய் என்று கேள்வி வரும். சின்னப் படகுதானே, அதுவே ஒதுங்கட்டும் என்று விட்டேன். பெரியவர்களுக்குச் சின்னவர்கள் வழி விடுவதுதானே முறை.

ஐந்து நிமிடம் கழித்தும் புள்ளி நகரவில்லை. அவர்கள் எஞ்சின் நின்று போயிருந்ததாம். அதைப் பிறகுதான் உங்கள் அறிக்கையில் படித்தேன். அந்த நேரத்தில் அவர்கள் சோம்பேறித்தனமாக இருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கடைசி மூன்று நிமிடத்தில் மணிச் சத்தம் கேட்டது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே போய் நின்று கேட்டேன். படகின் வெண்கல மணி. யாரோ நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் பொத்தான் கதவுக்குப் பக்கத்திலேயே, என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அடித்திருந்தால் அவர்கள் குதித்தாவது இருப்பார்கள். ஆனால் அந்த ஹாரன் கேப்டனின் அறைக்கு நேர் மேலே. அவர் எழுந்து மேலே வருவார், கண்ணாடியைப் பார்ப்பார், பிறகு என் புத்தகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் சக்கரத்தை முழுக்கத் திருப்பினாலோ, கீழே சமையலறையில் பாத்திரமெல்லாம் உருளும். அதற்கும் அவர் எழுந்துகொள்வார். எப்படிப் பார்த்தாலும் அவர் தூக்கம் கெடுகிறது. ஆகவே நின்றேன்.

மோதியதை மோதல் என்றே சொல்ல முடியாது. மேசையில் இருந்த என் பேனா அரைச் சுற்று உருண்டு நின்றது, அவ்வளவுதான். மணி நின்றுவிட்டது. கேப்டன் அசையவில்லை.

பிறகு பின்பக்கம் தண்ணீரிலிருந்து குரல்கள் வந்தன. வெளி விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். பின்தளம் நேர் கீழேதான், அந்தப் பனியிலும் தெரிந்தது. பின்தளத்தில் கழுகு கையில் துடைத்துக்கொண்டிருந்த வளையத்தை அப்படியே வீசிவிட்டான். கண் கூர்மை என்றேன் இல்லையா. அடுத்ததைக் கழற்றிக் கையில் எடுத்தவன் எதற்கோ நிமிர்ந்து மேலே பார்த்தான். கப்பலை நிறுத்தச் சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. நான் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். வேண்டாம் என்று. அந்த வளையத்தில் எங்கள் பெயர் இருக்கிறதே ஐயா. ஒன்று போனதற்கே துறைமுகத்தில் கணக்குச் சொல்ல வேண்டும்.

கழுகு கொஞ்ச நேரம் வளையத்தைப் பிடித்தபடியே நின்றான். பிறகு மாட்டிவிட்டான். கொக்கியில் சரியாக, பெயர் நேராகத் தெரியும்படி. இதை அவன் உங்களிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். நான் விரலை ஆட்டியதைச் சொன்னால், அவன் கை அதைக் கேட்டதையும் சொல்ல வேண்டியிருக்கும். பாவம், அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. அவனை விட்டுவிடுங்கள். நான் சொல்லித்தான் அவன் மாட்டினான்.

படகில் ஒன்பது பேர். எட்டுப் பேர் போய்விட்டார்கள். கழுகு வீசிய அந்த ஒரு வளையத்தைக் கட்டிக்கொண்டு படகின் சமையல்காரர் மட்டும் கரை சேர்ந்தார். வளையத்தில் இருந்த பெயரைப் படித்துத்தான் நீங்கள் எங்களைத் தேடி வந்தீர்கள். அந்த விஷயத்தில் என் கணிப்பு துளியும் தப்பவில்லை.

இன்று காலை இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தீர்கள். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கை இரண்டிலும் கட்டு. அந்தச் சமையல்காரர்தான் என்று எனக்குத் தெரியவில்லை, அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, நீங்க தூங்கிட்டீங்களாமே. என்ன பண்றது, தூக்கம் யார விட்டுச்சு? நானும் அடுப்பு முன்னாடியே தூங்கி விழுந்தவன்தான். அதையே நெனச்சி மனச ஒடிச்சிக்காதீங்க."

அவரே தொடர்ந்தார்.

"என் கூடப் பொறந்தவனும் மருமகனும் அந்தப் படகுலதான் இருந்தாங்க. மணிய நாந்தான் அடிச்சேன். கை ஓஞ்சி போச்சு தம்பி. இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சிருந்தா நீங்க முழிச்சிருப்பீங்க. ராத்திரியெல்லாம் அதேதான் மண்டையில ஓடுது." என் முழங்கையை அந்தக் கட்டுப் போட்ட கையால் தொட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பணி நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடும் ஆளைப் பார்த்து இரக்கப்படுவதைப் போல என்னைப் பார்த்து இரக்கப்படுகிறார். பதினான்கு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் கண்ணயர்ந்ததுண்டா என்று கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் தூங்கவில்லை என்று உங்களிடம் சொல்லப்போகிறேன் என மச்சானிடம் சொன்னேன். "பைத்தியமா உங்களுக்கு? கவனக்குறைவுங்கறது கொலையா மாறிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் மனைவி முகத்தில் விழிக்கத்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அவளுக்கும் என்னைத் தெரியும்.

எழுதியதை அடித்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. பார்க்க அசிங்கமாக இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறேன், ஏழாம் பக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நான் விழித்திருந்தேன், பார்த்தேன், கேட்டேன், விட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

வெளியே அந்தச் சமையல்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தால், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்கிறார், பார்க்கவே பாவமாக இருந்தது. மணியை அவர் போதுமான பலத்தோடுதான் அடித்தார். கடைசி அடி வரை எனக்கு நன்றாகக் கேட்டது.