வாயும் வயிறும்

இல்லம்மா, கோலிக்குண்டு இல்ல. எடை கூடணும்னு நான் ஏன் மீன் வாயில கோலிக்குண்டு திணிக்கப் போறேன்? கிட்ட வந்து தொட்டுப் பாருங்க. முட்டை. ஒவ்வொண்ணும் திராட்சை சைஸு. கோவம்லாம் இல்லம்மா. இந்த வேலைக்கு வந்த புதுசுல நானே படகுக்காரர் சட்டையப் பிடிச்சு இதே கேள்வி கேட்டவன்தான். இன்னைக்கும் மார்க்கெட்ல எனக்குப் பேரு கோலி.

பேச்சு கொழகொழன்னு இருக்கா? பல்லு வலி. விடுங்க.

இது கடல் கெளுத்தி. ஆம்பள மீனு. ஆமா, அப்பன்காரன். அவ முட்டையப் போட்டுட்டு தன் வழியப் பார்த்துப் போயிடுவா. இவன்தான் ஒண்ணொண்ணா பொறுக்கி வாய்க்குள்ள வச்சுக்குவான். பொண்ணு வாயும் வயிறுமா இருக்கான்னு சொல்றோம்ல, இவனுக்கு வாயே வயிறு. தாடைக்குக் கீழ பாருங்க, தோலு பை மாதிரி தொங்குது. குஞ்சு பொரிச்சாலும் சும்மா வெளிய விட்டுட மாட்டான். அதுங்க தானாப் பிழைச்சுக்கற வரைக்கும் உள்ளதான்.

சாப்பாடா? எங்கேர்ந்து சாப்பிடுவான்? இந்தாங்க, குடலு. நூல் மாதிரி கிடக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. பசிச்சாலும் வாய மூடிக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான் அவன் பொழப்பு.

அந்த டப்பாவா? என் பொண்ணு கட்டிக் குடுத்த சோறு. அது பூனைக்கு. அய்யோ, காலியாத்தான் கொண்டு போகணும், அவ திறந்து பார்ப்பா.

இது வேணாமா? சரி, நானும் இதத் துண்டு போடல. வேற எடுக்கறேன்.

பொண்ணுக்கு இதுதாம்மா மாசம். அவ அம்மா இல்ல, மருமகன் கப்பல்ல இருக்காரு. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. என்னப்பா, எது கேட்டாலும் மென்னு முழுங்கறன்னு திட்டறா. மெல்லத்தான் முடியுதா, முழுங்கத்தான் முடியுதா. பல்லுன்னு சொன்னேன்ல, பல்லு இல்லம்மா. கன்னத்துக்குள்ள கட்டி. கெட்ட கட்டின்னுட்டாரு டாக்டரு, உடனே வந்து படுங்கறாரு. வாயத் திறந்தா இவ தாங்க மாட்டா. புள்ள வெளிய வரட்டும்னு இருக்கேன்.

துண்டு பெருசாப் போடவா, சின்னதாவா?