அனுசியாவின் ஓடுகள்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமோ பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த நான், அதற்காகவே விவாத வகுப்பு ஆரம்பித்தேன். ஒருவர் தன் சோதனையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழிக்க வேண்டும். எல்லாம் ‘ங்க’ போட்டுத்தான். கிழிபட்டவர் எதிர்த்துப் பேசாமல், "சொன்னதுக்கு நன்றிங்க, திரும்பப் பாக்கறேங்க" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். வெளியே போனால் இதைவிட மோசமாகக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

1993இல் அனுசியா படித்தாள். கருவேப்பிலங்குறிச்சியில் பானை செய்யும் கொளஞ்சியப்பனின் மகள். உடைந்த கோப்பைகளை அரைத்துக் களிமண்ணில் கலந்தால் ஓடு விரிசல் விடாது என்றாள். வகுப்பில் கெட்டிக்காரனான திலீபன் துருவித் துருவிக் கேட்டான். அவள் நன்றி சொல்லவில்லை. "இல்லைங்க, நான் சொல்றதுதாங்க சரி" என்று நின்றாள். சரிதான், எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு பிடிவாதக்காரி வெளியே போய் மனசு உடைந்துபோவாளே என்று பயந்தேன்.

அடுத்த வாரம் அவள் சுட்டு வைத்திருந்த ஓடுகளை எடுத்து என் பீரோவில் பூட்டிவிட்டு, அதே அச்சில் செய்து விரிசல் விட்ட வேறு ஓடுகளை அந்த இடத்தில் வைத்தேன். மூன்று வாரம் அப்படிச் செய்தேன். "விரிசல் உங்க கண்ணுக்கே தெரியலீங்களா?" என்று திலீபன் மரியாதையாகத்தான் கேட்டான். மூன்றாவது வாரம் அவள் தலையைக் குனிந்துகொண்டு நன்றி சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

படிப்பு முடிந்து இருவரும் ஒரே கம்பெனியில் சேர்ந்தார்கள். நடந்ததைத் திலீபன்தான் வந்து சொன்னான். சூளைக் கூரையில் விரிசல் இருக்கிறது, யாரும் உள்ளே போக வேண்டாம் என்றாளாம். சூப்பர்வைசர், "திலீபன் சொன்னான், படிக்கறப்ப உன் ஓட்டுல விரிசல் உட்டதே உனக்குத் தெரியலையாம். நீ வந்து சொல்றியா?" என்றாராம். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. நன்றி சொல்லிவிட்டு, திரும்பப் பார்க்க உள்ளே போனாள். கூரை அவள்மேல் விழுந்தது.

அவளை நினைத்து நான் அழாத நாள் இல்லை. காரியத்தன்று கொளஞ்சியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணுக்குக் கண்ணு நல்லா தெரியுமே சார், அன்னைக்கு மட்டும் எப்புடிங்க தெரியாமப் போச்சு?" என்று கேட்டார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவள் சுட்ட ஓடுகள் என்னிடம்தான் இருக்கின்றன. ஒன்றில்கூட விரிசல் இல்லை. அவற்றை அவரிடம் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான்கு வருஷமாக நினைக்கிறேன். நீங்கள் நிதானமாகக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அவர் அப்படியில்லை. இதைக் கேட்டதும் சட்டையைப் பிடிப்பார், வாடா போடா என்பார். மரியாதையாகப் பேச அவர் முதலில் பழகட்டும், பிறகு சொல்கிறேன்.