விதை போட்டதும் மூடக் கூடாது

"ஹலோ... ஹலோ, நான்தான்... வச்சிடாதே, வச்சிடாதே! லெட்டூஸ் விஷயம்."

மில் காவலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மனைவி, ஆறு மாதமாக ஒரே நிபந்தனையில்தான் போனை எடுக்கிறாள். தோட்டத்து லெட்டூஸ் கீரையைப் பற்றி மட்டும் பேசலாம். "சாப்பிட்டியா" என்று கேட்டு இரண்டு முறை சூடுபட்டவர் அவர்.

"ஆமா... ஆமா, இந்தத் தடவையும் முளைக்கலை... நீ சொன்னபடிதான் செஞ்சேன். விதை போட்டதும் மூடக் கூடாதுன்னே, மூடலை. ஒன்பது நாள் மூடலை... எதையா? கேட்டைத்தான்."

அவர் போனை ஒரு முறை குலுக்கிப் பார்த்தார்.

"ஹலோ?... ஆமா, வாசல் கேட்டு... காத்து வேணுமோ என்னமோன்னு நெனச்சேன். முப்பது வருஷமா கேட்டைச் சாத்தறதுதான் எனக்குச் சோறு போடுது. திறந்து வச்சுட்டு இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கென்ன தெரியும்? பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்தேன்... வந்துச்சு. ரெண்டு ஆடு... ரோஜாவா? அது லெட்டூஸ் இல்லை, விடு."

"...மண்ணா? மண்ணைப் போட்டு மூடக் கூடாதா?... வெளிச்சம் பட்டாதான் முளைக்குமா? அதை முதல்லயே விளக்கமா சொல்றதுக்கு என்ன?... ஒரு விரல் ஆழம்... நடுவிரல்... சரி சரி, புதைச்சேன்னே வச்சுக்கோ... அமுக்கியும் விட்டேன்... காலாலதான்."

அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, புயல் ஓய்ந்ததும் திரும்ப வைத்தார்.

"ம்... ம்... வெயில்ல போட்டது வரவே இல்லை... ஆமா, அந்தச் சூட்டுல விதை தூங்கிடும்னு நீ அப்புறம்தானே சொன்னே. மழையில போட்டது வந்துச்சே! நாலு இலை விட்டுச்சு. ஒரே ராத்திரியில நத்தை வழிச்சுத் தின்னுடுச்சு... ஆமா, இப்ப குளிர்தான். காலைல குழாய்த் தண்ணி கையைக் கடிக்குது. இதுதான் அதுக்கு ஏத்த நேரம், தெரியும்... நான் அன்னைக்குப் பிடுங்கினது தப்புதான்."

எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"இல்ல, வச்சிடாதே! இதுவும் லெட்டூஸ்தான்! இடுப்பு உசரத்துக்குத் தண்டு விட்டு நின்னுச்சே, அதைத்தான் சொல்றேன். களைன்னு நெனச்சேன்... விதைக்கு விட்டிருக்கேன்னு நீ சொல்லலை... சொன்னே. சொன்னே. நான்தான் காதுல வாங்கலை... பதினொரு வருஷமா நீ எடுத்து எடுத்து வச்ச விதை... ம். 'நீயும் உன் புல்லும்'னு சொன்னது அதைவிடத் தப்பு."

வெகு நேரம் அவர் வெறும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

"டப்பாவுல இருக்கறதா?... ம்... ஒரு சிட்டிகை இருக்கும். அதுதான் கடைசி... போடக் கூடாதா? பின்ன, குளிர் போயிடுமே... நான் தொடவே கூடாதா?... சரி. நான் தொடலைன்னா வேற யாரு போடறது?"

பதில் வந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"...எப்ப?... வியாழக்கிழமையா? வர்ற வியாழனா?... ஆமா, ஆமா. கையே வைக்க மாட்டேன். டப்பாவைத் திறக்கக்கூட மாட்டேன்... பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டுமா?... சரி, வரலை. பையை யார் தூக்கு— ஹலோ? ஹலோ?"

இணைப்பு போயிருந்தது.

இன்றைக்குச் செவ்வாய். அந்தக் கடைசிச் சிட்டிகையை, ஒரு விரல் ஆழத்தில், காலையில்தான் போட்டு மிதித்திருந்தார். காவலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சமையலறையிலிருந்து டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.