கருப்பிக்கு ஒரு பெயர்

— கத்தியைக் கீழ வைங்க அண்ணி. இன்னொரு தடவை பார்த்துடலாம். தூங்குதோ என்னவோ.

— செவுளே அசையலை தம்பி. இந்த லேப்ல தொட்டி பார்க்கிற வேலைக்கு உன்னைச் சேர்த்துவிட்டதே நான். எனக்கே பாடம் எடுக்காதே.

— சாதா மீனா இது? ஆழ்கடல் வலையில ஏறி, உசுரோட வந்து சேர்ந்த திருக்கை. முதல் நாள் தொட்டப்ப அடிச்சுது பாருங்க ஒரு கரண்ட்டு, உங்க மாமியார்கிட்ட நான் வாங்கின அடியே பரவாயில்லைன்னு ஆயிடுச்சு.

— அந்தக் கையுறையை எடு.

— கருப்பின்னு கூப்பிட்டா கிட்ட வரும்.

— அதுக்குக் கண்ணே தெரியாது.

— என்கிட்ட வரும் அண்ணி. அதைப் போய்க் கொன்னுட்டேன். நேத்து தொட்டி கழுவுறப்ப கூலிங் மெஷினை நிறுத்தினேன். திரும்பப் போட்ட மாதிரிதான் ஞாபகம். காலையில வந்தா மெஷின் ஆஃப், தண்ணி வெதுவெதுன்னு கிடக்கு. அறைச் சாவி என்கிட்ட இருக்கு. வேற யாரைக் குத்தம் சொல்ல?

— விடு. டைரக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்.

— வேணாம். நானே போய்ச் சொல்லி வேலையை விட்டுடறேன். கொழுந்தனைக் கொண்டாந்து வச்ச பாவத்துக்கு உங்களுக்கு ஏன் கெட்ட பேரு?

— இங்க பாரு. யாருமே பேர் வைக்காத இனம் அது. உடம்பு முழுசா பாட்டில்ல இருந்தாத்தான் பேர் ஏறும். நீந்திக்கிட்டிருக்கிற வரைக்கும் அதைப் பத்தி நான் எழுதின கட்டுரை செல்லாது. இனிமே செல்லும். அப்படி நினைச்சுக்கோ.

— தானா சாகட்டும், அதுவரைக்கும் பொறுங்கன்னு உங்க காலைப் பிடிச்சவனே நான்தான். நீங்களும் மனசு இரங்கிப் பொறுத்தீங்க. கடைசியில என் கையாலேயே...

— அழாதே. தட்டைப் பிடி. வயித்தைத் திறக்கணும்.

— சரி... ஏன் அண்ணி நிறுத்திட்டீங்க?

— குட்டி.

— முட்டை இல்லையா? குட்டியா போடும்?

— குட்டிதான் போடும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வயிறு கொஞ்சம் உப்பித்தான் இருந்துச்சு. நான் பார்க்கலை. பார்க்கவே இல்லை.

— தள்ளுங்க, நான் எடுக்கறேன்... ஸ்ஸ்.

— என்ன, கத்தி பட்டுடுச்சா?

— கரண்ட்டு அண்ணி. துளியூண்டு. இந்த ஓரத்துக் குட்டி உசுரோட இருக்கு! குடுங்க, தொட்டியில விட்டுடறேன். இந்தத் தடவை மெஷின் பக்கத்துலயே பாயைப் போட்டுக்கறேன். என்னை நம்பி விடுவீங்கதானே?

— இந்தா, அந்த அறைக்கு என்கிட்ட இருக்கிற சாவி. இதையும் நீயே வச்சுக்கோ. ராத்திரி நான் வந்தப்ப மெஷின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.