வீப்ரனோட சட்டப் புத்தகமும் எங்க குதிரையும்

...போயிட்டார் பாருங்க! சந்தைக்குக் குதிரை வாங்க வந்த மனுஷன் திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டார். எல்லாம் என் கொழுந்தன் வீப்ரன் பண்ண வேல. க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்துல வணிகச் சட்டம் படிக்கறானாம். புத்தகத்தோட அட்டைகூட இன்னும் கசங்கல, அதுக்குள்ள எனக்குக் குதிரை விக்கக் கத்துக்குடுக்க வந்துட்டான்!

நீங்களாவது நின்னு கேக்கறீங்களே, ஐயா. அந்த மனுஷன் எங்க குதிரை பிளெஸ்ஸோட பல்லப் பாத்தார், காலத் தூக்கிப் பாத்தார், 'ஆயிரத்தி எண்ணூறு'ன்னு கைய நீட்டினார். இந்தச் சந்தை வழக்கப்படி நீட்டின கைல ஒரு தட்டு தட்டி நம்ம வெலயச் சொல்லணும், அவ்வளவுதானே? இவன் கையவே உத்துப் பாத்துட்டு, 'இது முன்மொழிவா, இல்ல பேரம் பேச அழைப்பு மட்டுமா?'ங்கறான்! அதோட விட்டானா? 'இதுக்கு இடின்னா பயம், தெரிஞ்ச குறைய மறைக்கக் கூடாது'ன்னு வேற. அட, இடின்னா நானுந்தான் பயப்படுவேன். என்னக் கட்டிக்கிட்டவர்கிட்ட யாராவது முன்னாடியே சொன்னாங்களா?

பட்டாணி சூப் வாங்கிட்டு வாடான்னு தொரத்திட்டேன். ரெண்டாயிரம் யூரோவுக்கு ஒரு சென்ட் கொறையக் கூடாது, ஐயா. எம்பொண்ணு கட்டிலுக்கு நேர் மேல கூரை ஒழுகுது. குளிர் வர்றதுக்குள்ள மாத்தியாகணும்.

வெலபேச என்ன பெரிய படிப்பு வேணும்? கையக் குடுங்க, காட்டறேன். நீங்க ஆயிரத்தி அஞ்சூறுங்கறீங்க... தட்டு! நான் ரெண்டாயிரங்கறேன்... தட்டு! நீங்க ஆயிரத்தி அறுநூறு... தட்டு! சரி, ஓட்டிட்டுப் போங்கன்னு இப்படி இறுக்கிப் புடிச்சா வித்தாச்சு! இதுக்கு ஒரு பல்கலைக்கழகமா?

...ஐயா. கைய விடுங்க.

என்னது? குதிரையோட பாஸ்போர்ட், அந்த அடையாளப் புத்தகம் எங்கன்னா கேக்கறீங்க? அய்யய்யோ, நான் சும்மா செஞ்சு காட்டினேன்! ஐயா, கயித்த அவுக்காதீங்க! ஏய் பிளெஸ், நீ எங்கடி கெளம்பற?

வீப்ரன்! தம்பி, ஓடி வா! சூப்பு கெடக்கட்டும், புத்தகத்த எடு! வாரம் பூரா சாப்பாட்டு மேசைல படிச்சு உசுர எடுத்தியே, மனசில்லாம குடுத்த வாக்கு செல்லாதுன்னு... அதான், அந்தப் பக்கந்தான்! ஐயா காதுல விழற மாதிரி சத்தமாப் படி!

கேட்டீங்களா, ஐயா? மனசில்லன்னா ஒப்பந்தமே இல்லயாம்! எங்க வீட்டுப் புள்ள, பல்கலைக்கழகத்துல படிக்குது, தப்பாச் சொல்லுமா?

என்ன தம்பி முழிக்கற? 'ஆனால்'னு கீழ இன்னொரு வரியா? எதிராளி அத நெசமுன்னு நம்பறதுக்கு நியாயம் இருந்தா ஒப்பந்தம் செல்லு...

வாய மூடுடா! அந்த வரிய எவன்டா படிக்கச் சொன்னது!