பயந்த இடத்துத் தண்ணீர்

"படுலே! படு!"

அண்ணன் கத்துகிறான். படுக்கிறேன். பலகையில் முகம் இடிக்கிறது. டப். டப். டப். ஐஸ் பெட்டியில் ஓட்டை விழுகிறது. பொழுது விடிந்தும் விடியாத நேரம். எதிரே ஒரு ரோந்துப் படகு. யாருடையது என்று தெரியவில்லை. அக்கரையில், இலங்கையில், போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மீன் பிடிக்க வந்தவன் எவன், சண்டைக்கு வந்தவன் எவன் என்று நின்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

படகில் மூன்று பேர். அண்ணன் முத்து, நான், அண்ணனின் கூட்டாளி செல்வம். வலை இழுத்துக்கொண்டிருந்த செல்வத்துக்குத் தோளில் குண்டு பட்டது. கடலில் விழுந்தான். அண்ணன் எட்டி அவன் கையைப் பிடித்தான். மறுபடி டப், டப். பிடித்த கை பிடியிலிருந்து போய்விட்டது. நழுவியதா, அண்ணன் விட்டானா, எனக்குத் தெரியாது. நான் குப்புறக் கிடந்தேன்.

பாம்பன் கரைக்கு இரண்டு பேர் வந்தோம். செல்வத்தின் உடல் ஒதுங்கவே இல்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் சொன்னான், "கை எரியுது." பிறகு அவன் பேசியதெல்லாம் அது ஒன்றுதான். வலது கை. கொப்புளம் இல்லை. காயம் இல்லை. திருவிழா வேட்டுச் சத்தம் கேட்டால் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் போய் ஒடுங்குவான். கல்யாண மேளத்துக்கும் அப்படியே. மதினி சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைப்பாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். கை எரியுது என்றான். களிம்பு எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் எந்த ஆம்பளை டாக்டரிடம் போய் மனசு சரியில்லை என்று சொல்லியிருக்கிறான்? கை வலி, நெஞ்சு வலி, வயிற்று வலிதான் சொல்லத் தெரியும்.

கோடாங்கி உடுக்கை அடித்தார். செல்வம்தான் வந்து பிடித்திருக்கிறான் என்றார். அதைக் கேள்விப்பட்ட செல்வத்தின் பெண்டாட்டி எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். செத்தவனைப் பேயாக்கினால் எவள் பொறுப்பாள்?

ஏர்வாடி தர்காவில் மட்டும் அண்ணன் கொஞ்சம் அடங்கினான். ஓதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் தூங்கினான். இங்கேயே சில நாள் இருக்கட்டும் என்றேன். ஆத்தா சம்மதிக்கவில்லை.

"இங்கன தங்குனா பைத்தியம்னு பேராயிரும்லே. தங்கச்சிய எவன் கட்டுவான்?"

கூட்டி வந்துவிட்டோம்.

பயந்தவனுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பயந்த இடத்து மண்ணை எடுத்துத் தலையைச் சுற்றி எறிந்தால் பயம் இறங்கிவிடும் என்பார்கள். கடலில் பயந்தவனுக்கு மண்ணுக்கு எங்கே போவது? அந்த இடத்துத் தண்ணீரை அள்ளி வரச் சொன்னார்கள். அதுவும் அவன் கையாலேயே. தெருவே கூடிச் சொன்னது. பிரியமாகத்தான் சொன்னது. யார் மேலும் கோபப்பட முடியவில்லையே என்றுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்.

படகை நான் ஓட்டுகிறேன். அண்ணன் சாதுவாக உட்கார்ந்திருக்கிறான். ஆத்தா மஞ்சள் துணி கட்டிக் கொடுத்த செம்பு அவன் மடியில். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கடலில் அலையே இல்லை. அந்த இடம் வந்ததும் எஞ்சினை நிறுத்துகிறேன். அள்ளச் சொல்கிறேன். அவன் செம்பைக் கீழே வைக்கிறான். வெறுங்கையைத் தண்ணீருக்குள் விடுகிறான். முகம் மலர்கிறது. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத முகம்.

"புடிச்சுட்டேன்லே செல்வம்!"

அப்படியே கடலுக்குள் சரிந்தான். பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். கிழிந்த துணிதான் கையில் மிஞ்சியது. அண்ணனுக்கு நீச்சல் தெரியும். நீந்தவில்லை.

போர் முடிந்து பல வருஷம் ஆயிற்று. எங்கள் பக்கத்து இழப்பைச் சொல்லிவிடுகிறேன். குண்டுக்கு ஒருவன். தண்ணீருக்கு ஒருவன். இரண்டு பேருக்கும் எரிக்க உடல் இல்லை. படகை விற்றோம். மதினி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கச்சியை யாரும் கேட்டு வரவில்லை. ஆத்தா இப்போது கடல் பக்கம் திரும்புவதே இல்லை.

சட்டையைப் பிடித்த என் வலது கை எரிகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செம்பைக் கையில் கொடுத்து அந்த இடத்துக்கே அனுப்புவார்கள்.