ட்ரெபிள் பத்தல

— ஏங்க, இந்த எடத்துல இருந்த கண்டன்சர் எங்க? நேத்து பெருசா ஒன்னு இருந்துச்சே.

— கழட்டிட்டேன்.

— கழட்டிட்டு இத்தனூண்டைப் போட்டிருக்கீங்க? இதைப் போட்டா கனமான பாஸ் சத்தம் ஒரு சொட்டு வராது. வேதாரண்யம் திருவிழாவுக்கு மைக் செட்டு கட்டுறப்ப, குழாய் ஸ்பீக்கர் கிழிஞ்சிடக் கூடாதுன்னுல்ல இப்படிப் போடுவீங்க!

— டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுத்துறதோட நிறுத்திக்க, ஃபிளோரா.

— பதினோரு வருசமா உங்க பக்கத்துல உக்காந்து சுத்துறேன். இது கூடவா தெரியாது? இது மைக் செட்டு இல்லீங்க. கித்தாருக்கு உள்ள ஆம்ப்ளிபயர். அதுவும் ஆசீர்வாதம் அண்ணன் சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்தது.

— கொண்டாந்தான். ஊரே பாக்கட்டும்னு வேன் மேல கட்டிக் கொண்டாந்தான். "வால்வு ஆம்ப் மச்சான், இப்பல்லாம் கெடைக்காது"ன்னு எனக்கே பாடம் எடுக்குறான். வால்வுல கை வெச்சு ஷாக் வாங்கியே வளந்தவன் நான்.

— அவரு என்ன கேட்டாரு? அந்தக் கூர்மையான சத்தம், ட்ரெபிள், அதைக் கொஞ்சம் கூட்டச் சொன்னாரு. அவ்வளவுதானே?

— ரெண்டு தரம் கூட்டியாச்சு. மொத தரம் ரெண்டாவது சேனல்ல வால்யூமுக்குக் குறுக்க ஒரு கண்டன்சர் போட்டேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நீயே சொன்ன.

— சொன்னேன்.

— அவன் பத்தலன்னான். சரி போகட்டும்னு டோன் கன்ட்ரோலையே பிரிச்சு, மொத சேனலுக்குத் தனி, ரெண்டாவதுக்குத் தனின்னு மாத்தினேன். நாலு நாள் வேலை. வாசிச்சுப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்குறான். "பத்தல மச்சான்." எனக்கு வேலை தெரியலங்கறதை அவன் வேற எப்படிச் சொல்லுவான்?

— அவரு அப்படி நெனைச்சுச் சொல்லியிருக்க மாட்டாரு.

— நேத்து கடைத்தெருவுல பின்னாலேருந்து ரெண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பிக் கூடப் பாக்கல. அவ்வளவு பவுசு. அதான், கேட்டதை அள்ளிக் குடுத்துட்டேன். எனக்கென்ன? ஞாயித்துக்கிழமை திருவிழாப் பூசையில குமிழை முழுசாத் திருப்பி வெச்சு வாசிக்கட்டும். தகரத்தை ஆணியால கீறுன மாதிரி வரும்.

— பிஷப் வர்ற பூசைங்க!

— வரட்டும். பன்னெண்டு வருசமா அந்தப் பூசைக்கு வாசிச்சவன் நான். இந்த வருசம் ஃபாதர் என்ன சொன்னாரு? "ஆசீர்வாதம் வந்திருக்காரு, அவரு வாசிக்கட்டும். நீங்க ஓரமா ரிதம் போடுங்க ரெமிஜியஸ்." ஓரமா!

— இது அந்தக் கோவம் இல்ல. தொண்ணூத்தி மூணாம் வருசத்துக் கோவம்.

— என்ன தொண்ணூத்தி மூணு?

— மெட்ராசுல சிங்கப்பூர் வேலைக்கு வெச்ச வெல்டிங் டெஸ்ட்டுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போனீங்க. அவரு பேரு வந்துச்சு. உங்க பேரு வரல.

— அவனுக்கு வெல்டிங் ராடு புடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்டி. திருத்துறைப்பூண்டி பட்டறையில ஒரு மாசம், தினம் சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். கித்தார்ல மொத மூணு கார்டு காட்டிக் குடுத்ததும் நான். அவன் போனான். ஏழு வருசத்துல மாடி வீடு, வாய்க்கால் கரையில ரெண்டு மா நஞ்சை. நான் பிக்சர் டியூபு மாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த எடம் எனக்கு வந்திருக்க வேண்டியது.

— நாம இங்க என்ன கொறைஞ்சு போயிட்டோம்?

— அவன் வீட்டு மாடியை நிமிந்து பாக்குறப்பல்லாம் கழுத்து வலிக்குது. அவ்வளவுதான் கொறை.

— அந்தச் சின்னதைக் கழட்டிடுங்க. பூசையில கீச்சுன்னு வந்தா ஊரு அவரையா ஏசும்? ரெமிஜியஸ் கெடுத்துட்டான்னுதான் சொல்லும்.

— அவன்தான் பத்தல பத்தலன்னான்னு சொல்லுவேன். நீ சாட்சி.

— நான் இதுக்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

— ரெமி! மச்சான்! ரெடியா?

— வந்துட்டான். மூடியைப் போடு. எப்படிக் கத்துறான் பாரு, ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனைக் கூப்பிடுற மாதிரி.

— மெதுவாங்க, வாசப்படி ஏறிட்டாரு. வாங்கண்ணே.

— என்ன தங்கச்சி, மொகம் ஒரு மாதிரி இருக்கு? மச்சான் திட்டிட்டானா? கித்தாரோட வந்துட்டேன் லா. போட்டுப் பாத்துடுவோம்.

— இப்ப எதுக்குடா? கோயில்லயே வெச்சுப் பாத்துக்கலாம்.

— இல்ல மச்சான். இது மூணாந்தரம். இதுவும் சரியா வரலன்னா நான் பூசைக்கு ஏறப் போறதில்ல. ஃபாதர்ட்டயும் சொல்லிட்டேன்.

— ஏற மாட்டியா?

— மாட்டேன். நீதான் வாசிக்கணும்.

— அப்படியா? அப்ப போட்டுப் பாரு. இந்தா, ரெண்டாவது சேனல்ல குத்து. தாராளமாத் திருப்பு.

— அண்ணே, வேணாம். இதுல இவரு என்ன பண்ணிருக்காருன்னா...

— ஃபிளோரா, நீ சும்மா இரு.

— ட்ரெபிள் பத்து. வால்யூம் ஆறு. புடிச்சுக்கங்க.

— ஐயோ! அண்ணே, நிறுத்துங்க! பல்லெல்லாம் கூசுது!

— என்னடா, கை நின்னு போச்சு? புடிக்கலன்னா சொல்லிட்டு எறங்கு. எனக்கென்ன?

— மச்சான்... இதுதான்டா.

— எதுடா?

— இதுதான். இத்தனை நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த? இரு, இன்னொரு தரம் வாசிக்கிறேன்.

— ஏங்க, காதைப் பொத்துனது போதும். அவரு மொகத்தைப் பாருங்க.

— டேய், நக்கல் பண்றியா? மனுசன் கேக்குற சத்தமாடா இது? நான் வேணும்னேதான்டா இப்படிப் பண்ணினேன். உன்னை ஊரு சிரிக்கணும்னு பண்ணினேன். போதுமா?

— என்னவோ பண்ணிட்டுப் போ. கழட்டிடாத. நீங்க ரெண்டு பேரும் காதைப் பொத்துறதைப் பாத்துட்டேன். மத்தவங்களுக்கு இது எப்படி இருக்கும்னு புரியுது. ஞாயித்துக்கிழமை நீயே வாசி. இதை நான் மாடியில கதவைச் சாத்திட்டு வாசிச்சுக்கிறேன்.

— என்னடா ஒளறுற?

— வெல்டிங்குன்னுதானே மச்சான் டெஸ்ட் வெச்சான்? அங்க போனா கப்பலோட அடித் தொட்டிக்குள்ள எறக்கி விட்டான். மெஷினை வெச்சுத் துரு தட்டணும். சுத்தி நாலு பக்கமும் இரும்பு. சத்தத்துக்குக் காதுல வெக்கக் குடுத்ததை, வேர்வை தாங்காம பத்து மணிக்கெல்லாம் கழட்டி எறிஞ்சிடுவோம்.

— எத்தனை நாளு?

— என்ன கேட்ட? மொகத்தைப் பாத்துச் சொல்லு.

— எத்தனை நாளுடா அந்த வேலை?

— ஏழு வருசமும் அதேதான். இந்த மொதக் கம்பி இருக்கு பாரு, இதுல மேல ஏறினா எனக்கு ஒன்னுமே கேக்குறதில்ல மச்சான். நாலு வருசமா வெரலைப் பாத்துத்தான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன்.